குண்டூசி வைக்காத வாய்

தையல் வேலை செய்கிறவர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை. இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவார்கள். சின்னவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருபது வருஷமாகத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறாள், ஒரு குண்டூசியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. இடது மணிக்கட்டில் சிவப்பு வெல்வெட்டில் ஒரு ஊசிமெத்தையைக் கட்டிக்கொண்டு அதிலிருந்துதான் எடுப்பாள். காரணம் கேட்டால், "என் வாய்க்கு வேற வேலை இருக்கு" என்பாள். அந்த வேறு வேலை, அக்காவுக்குக் காதாக இருப்பது.

பெரியவளுக்குப் படிப்பை முடிக்கிற வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு. அப்பா கத்திப் பார்த்தார், அம்மா எழுதிக் காட்டி அழுதாள். சின்னவள் மட்டும் கத்தவில்லை. அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தாள். அக்கா கப்பென்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கடை பிடித்தார்கள். பெரியவள் வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். வருகிறவர்கள் பேசப் பேச, சின்னவள் அக்காவைப் பார்த்து வாயசைப்பாள். அக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், ஓரக்கண்ணே போதும்.

சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னாளா என்றால், இல்லை. "செவிட்டுப் பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று ஒருத்தர் எரிந்துவிழுந்தால், "இடுப்புல கொஞ்சம் புடிக்குதாம்" என்று போகும். "உங்க அக்கா கை பொன்னு" என்று ஒருத்தி உருகினால், "பரவாயில்லையாம்" என்று போகும். கசப்பை வடிகட்டியவள் இனிப்பையும் கொஞ்சம் வடிகட்டினாள். உலகத்தில் யார் எது பேசினாலும் இவள் உதட்டில் சுங்கம் கட்டாமல் அக்காவிடம் போக முடியாது. அந்த ருசி அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு வசதியும் இருந்தது. கோபம் வந்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துத் திட்டிக்கொள்வாள். மனசு இறங்கிவிடும், சண்டையும் வராது.

இரண்டு மூன்று கல்யாணப் பேச்சு வந்தது. "நான் போயிட்டா அக்காவுக்கு யாரு?" என்று அவளே தட்டிக்கழித்தாள். அக்கா அப்படிக் கேட்கவே இல்லை. கேட்காததற்கும் சேர்த்து அவள் அக்காவின் பேரில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். நான் இல்லாவிட்டால் நீ இல்லை என்பதுதான் அந்தக் கணக்கு. இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து அந்தக் காதுக்காரி வந்து சேர்ந்தாள்.

காதுக்காரி என்பது சின்னவள் வைத்த பெயர். பேச்சு ஒலியை ஆராய்ச்சி பண்ணுகிறவள். வயது முப்பதுக்குள், கண்ணாடி, தோளில் ஒரு பை, பேச்சில் அவசரமில்லாத ஒரு மென்மை. அதற்குச் சில மாதம் முன்பு அந்த ஆஸ்பத்திரியில் பெரியவளின் காதுக்குள் அறுவை செய்து, நத்தை ஓடு மாதிரி இருக்கும் இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை வைத்திருந்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு கருவி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. கருவி பேச்சை வாங்கி, மின்சாரமாக்கி உள்ளே அனுப்பும்.

"நல்ல காதுல ஆயிரக்கணக்கான நரம்பு முனை இருக்கும். இந்தக் கம்பியில இருக்கறது இருபத்துச் சொச்சம்தான்," என்றாள் காதுக்காரி. "ச மாதிரி உரசற சத்தம் உச்சத்துல இருக்கும். ம, ன எல்லாம் அடியில. எந்தச் சத்தத்தை எந்த முனைக்கு அனுப்பணும்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சுடறாங்க. நான் ஆளுக்கு ஆள் மாத்திப் பார்க்கறேன். புரியுதாக்கா?"

சின்னவள் இதை அக்காவுக்குச் சுருக்கினாள். "இதுவரைக்கும் போட்டது ரெடிமேடாம். இவங்க அளவெடுத்துத் தைக்கப் போறாங்களாம்." அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆனால் சின்னவளின் மனசு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. புரியுதாக்கா என்றாளே, இவளுக்கு யார் அக்கா? நேற்று வந்தவள், கூடப் பிறந்த மாதிரி அக்கா என்கிறாள்.

பரீட்சை இப்படி நடக்கும். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. அதில் பெரியவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். எதிரே கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒலிபெருக்கி. இந்தப் பக்கம் காதுக்காரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பொத்தானைத் தட்டுவாள். அவளே பேசிப் பதிவு செய்த வாக்கியங்கள், இரைச்சல் கலந்தும் கலக்காமலும், ஒவ்வொன்றாக உள்ளே ஒலிக்கும். மேஜைமேல் ஒரு குட்டி ஸ்பீக்கரில் இங்கேயும் கேட்கும். பெரியவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். துணைக்கு வந்தவள் என்று சின்னவளுக்கு மேஜை ஓரத்தில், ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"தபால்காரர் மாடிப்படி ஏறி வந்தார்," என்றது ஸ்பீக்கர்.

"தபால்காரர் மாடிப்படி ஏறி வந்தார்," என்றாள் பெரியவள் உள்ளேயிருந்து.

காதுக்காரி துள்ளிக் குதிக்காத குறை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் சரி. இரைச்சலைக் கூட்டினாள், அப்போதும் சரி. "இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை" என்று பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அக்காவுக்கு முகமெல்லாம் பல். சின்னவளும் சிரித்தாள். வயிறு மட்டும் குபுகுபுவென்று எரிந்தது.

எரியாதா? வீட்டில் நடப்பது வேறு கதை. சின்னவள் சமையலறையிலிருந்து "அக்கா" என்று கூப்பிடுவாள். பதில் இருக்காது. பக்கத்தில் போய், பின்னால் நின்று, "விளக்கைப் போடு" என்பாள். அக்கா திரும்பி, "ஏதோ சத்தம் வந்துது. நீயா?" என்பாள். முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு, பழைய கதைதான். அந்தக் காதுக்காரி இரைச்சலுக்கு நடுவே முனகினால்கூடக் கேட்கிறது, கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் ஏதோ சத்தமாம்! உதடு தேய உழைத்தவள் ஒருத்தி, உரிமை கொண்டாடுகிறவள் இன்னொருத்தியா?

"அவ குரல் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"தகரத்துல மழை விழற மாதிரிதான் எல்லாமே. ஆனா அங்க உக்காந்தா வார்த்தை தெளிவா வந்துடுது."

"என் குரல்?"

அக்கா யோசித்தாள். "நீ பேசினா, தலைக்குள்ள இன்னும் அந்தச் சின்னப் பிள்ளைக் குரல்தான்டி வருது. காய்ச்சலுக்கு முன்னாடி கேட்டது. இப்போ எப்படி இருக்குன்னு தெரியலை."

பாசமாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு அது எரிகிற கொள்ளியில் எண்ணெயை விட்ட மாதிரி இருந்தது. நேற்று வந்தவளின் குரல் தெரியுமாம், என் குரல் தெரியாதாம். அன்று அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று வழக்கத்தைவிட அதிகமாகவே முணுமுணுத்தாள்.

அடுத்த தடவை போனபோது அவளுக்கு அந்தக் கூத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை முறைத்தாள்.

ஸ்பீக்கர் பேசியது. உள்ளேயிருந்து சத்தமில்லை. அப்புறம், "தெரியலை," என்றாள் அக்கா. அடுத்ததற்கும் தெரியலை. அதற்கடுத்ததற்கு, "கடை... ஏதோ கடை." காதுக்காரி பதறிவிட்டாள். வயரைப் பிடுங்கிச் சொருகினாள், கருவிக்குப் புது பேட்டரி போட்டாள், கம்ப்யூட்டரை அணைத்து உயிர்ப்பித்தாள். என்னதான் ஆயிற்று என்று சின்னவள் நாற்காலியோடு திரும்பினாள்.

"குழந்தை புதுச் செருப்பைத் தேடுகிறது," என்றது ஸ்பீக்கர்.

"குழந்தை புதுச் செருப்பைத் தேடுகிறது," என்றாள் அக்கா.

"வந்துடுச்சு! லூஸ் கனெக்‌ஷன்தான்," என்று காதுக்காரி மூச்சு விட்டாள்.

சின்னவளுக்கு அது லூஸ் கனெக்‌ஷன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த வாக்கியம் அவள் உதட்டில் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? யாராவது பேசினால் அக்காவைப் பார்த்து வாயசைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஸ்பீக்கர் பேசியபோதும் அவள் அறியாமலே உதடு அசைந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும் அவள் அறியாமலே படித்திருக்கிறாள். உதட்டைப் பார்த்தால் தலைக்குள் குரல் கேட்கிற பெண்ணுக்கு, படித்தோமா கேட்டோமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

சந்தேகம் தீர ஒரு காரியம் செய்தாள். "பால்காரர் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினார்," என்றது ஸ்பீக்கர். "பால்காரர் சைக்கிளைத் தலைமேல் தூக்கினார்," என்று சின்னவள் நிறுத்தி நிதானமாக வாயசைத்தாள்.

அக்கா ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு, "பால்காரர் சைக்கிளைத் தலைமேல் தூக்கினார்," என்றாள்.

காதுக்காரி தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தப்பு போட்டாள். சின்னவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். கம்பியுமில்லை கருவியுமில்லை, நான்தான்! இன்னமும் நான்தான்! வீடு வரைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்தாள். காலர் வேலைகூட அலுக்கவில்லை. காதுக்காரி ஃபோன் பண்ணி, "உங்க அக்காவுக்கு இப்போ இருக்கற அமைப்பே பிரமாதமாப் பொருந்திடுச்சு. அடுத்த தடவையோட பரீட்சையை முடிச்சு மூடிடலாம். இனிமே மாத்தவே வேண்டாம்" என்றபோது, "ரொம்பச் சந்தோஷம்" என்று தேன் ஒழுகச் சொன்னாள்.

சந்தோஷத்துக்கு ஆயுசு கெட்டியில்லை. ஒரு மத்தியானம் அவள் பொத்தான் வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது, அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால், அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் எதையோ சொல்லிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. செய்தி ஒரு பக்கம் போக இவள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

சின்னவள் முன்னால் வந்து தோளைத் தொட்டதும் அக்கா கண்ணைத் திறந்து ரேடியோவை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது. "அங்க கேக்குது. இங்க கேக்கலை. என் மூளையே கெட்டுப்போச்சாடி? இல்ல, நான் ஒழுங்கா முயற்சி பண்ணலையா?"

சின்னவள் பேசாமல் இருந்தால் போதும். அடுத்த தடவையோடு மூடிவிடுவார்கள். அக்கா காலத்துக்கும் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கேட்ட வரம் கைமேல் கிடைத்த மாதிரிதான். ஆனால் அந்த வரத்துக்கு விலையாக அக்கா தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பாள். சின்னவளுக்குப் பொறாமை குறையவில்லை, ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. அதற்குமேல் வெட்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சாயங்காலம் மிச்சத் துணிக் கட்டைப் பிரித்து, கனத்த கருநீலத் துணி ஒன்றை எடுத்தாள். அந்த ஜன்னலின் அளவு அவளுக்குக் கண்ணிலேயே இருந்தது. வெளிச்சம் கசியாமல் உள்பக்கம் இரட்டைத் துணி வைத்து, ஓரம் மடித்து, மேலே வளையம் வைத்துத் தைத்தாள்.

"யாரோட ஆர்டர்?" என்றாள் அக்கா.

"ஒருத்தி கேட்டா," என்று வாயசைத்தாள்.

மறுநாள் போய், அக்காவை உள்ளே உட்கார வைத்த பிறகு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பையிலிருந்து திரையை எடுத்து மேஜைமேல் போட்டாள். "இதை அந்தக் கண்ணாடிக்கு மாட்டிட்டுப் பரீட்சை வைங்க."

"எதுக்குக்கா?" என்றாள் காதுக்காரி. இப்போது இவளும் அக்கா.

"நான் வாயசைக்கறேன். அவ என் உதட்டைப் பார்த்துச் சொல்றா. உங்க மிஷின் ஒண்ணும் கிழிக்கலை."

காதுக்காரி சிரிக்கப் போனாள், பாதியில் நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, போன வாரம்தானே ஒரு கூட்டத்துல இவங்க மார்க்கைக் காட்டிப் பேசிட்டு வந்தேன்! நாற்காலியை அங்க போட்டதே நான்தான். என் மேலதான் தப்பு." பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன தடவையே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வயித்தெரிச்சல்," என்றாள் சின்னவள். "அவளுக்கு உங்க குரல் கேக்குது, என் குரல் கேக்கலைன்னு. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

காதுக்காரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அந்த முனையைப் பிடிங்க," என்றாள். இருவரும் திரையை மாட்டினார்கள்.

அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததெல்லாம் "தெரியலை"தான். ஒவ்வொரு தெரியலைக்கும் சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் உதடு அசையத்தான் செய்தது, துணியைப் பார்த்து. வெளியே வந்த அக்கா முதலில் திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மடிப்பு யார் கை என்று அவளுக்கா தெரியாது? சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பால்காரர் சைக்கிளையும் சேர்த்துத்தான் சொன்னாள். பாதியிலேயே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை போட அக்காவுக்கு அதுதான் வழி. கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் ஒருத்தரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அடுத்த சில நாள் சின்னவள் முகத்தைக் கொண்டுவந்தாலே அந்த இமை இறங்கிவிடும்.

ஆனால் அளவெடுப்பது அன்றைக்குத்தான் உண்மையில் ஆரம்பித்தது. காதுக்காரி உச்சத்துச் சத்தங்களுக்கு முனைகளை மாற்றினாள், அடிச் சத்தங்களை ஒதுக்கி வைத்தாள், தப்பென்று கலைத்து மறுபடி முதலிலிருந்து போட்டாள். பிரித்துப் பிரித்துத் தைக்கும் ஜாக்கெட் மாதிரி வேலை இழுத்தது. அக்கா மாதக்கணக்கில் போய்வந்தாள். கொஞ்ச நாளில், "நீ கடையைப் பாரு, நான் போய்க்கறேன்" என்று தனியாகவே போனாள். முதலில் குழாய் சொட்டுவது கேட்டதாம். கடை முழுக்கச் சொல்லி மாய்ந்தாள். சின்னவள் போய்க் குழாயை இறுக்கி மூடினாள். ஒரு குழாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்புறம் மனிதர்கள் வந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் அக்காவிடமே நேராகப் பேசினார்கள். பாதி புரியும், மீதியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வாள். "உங்க கை பொன்னு" என்று ஒருத்தி சொன்னதை அக்கா முழுசாகக் கேட்டு, சின்னவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சின்னவள் சட்டென்று குனிந்து பாபினில் நூல் சுற்றினாள். அவள் உதட்டுக்கு இப்போது வேலையில்லை.

ஒரு சாயங்காலம். மெஷின் இரண்டும் ஓய்ந்திருந்தது. அக்கா நீள மேஜையில் துணியை விரித்து, சின்னவளுக்கு முதுகைக் காட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் தரையில் முட்டிபோட்டு, பொம்மைமேல் மாட்டியிருந்த நீள கவுனுக்கு அடி மடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு ஒவ்வொரு தடவையும் கையைக் கொண்டுபோவது எரிச்சலாக இருந்தது. சும்மா கிடக்கிற வாய்தானே என்று நாலைந்து குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்வினாள். இரும்பு ருசித்தது. இருபது வருஷத்தில் முதல் தடவை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழைய வழக்கப்படி அக்காவின் முதுகைப் பார்த்து, ஊசிக்கு நடுவே முணுமுணுத்தாள்.

"உனக்கு இனிமே நான் எதுக்கு?"

கத்திரிக்கோல் நின்றது.

"ஊசியை வாயில வச்சுட்டுப் பேசாதடி," என்றாள் அக்கா, திரும்பாமலே. "முழுங்கித் தொலைக்கப் போற."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். எதிரே கண்ணாடியுமில்லை, ஜன்னலுமில்லை. வெறும் சுவர்.

"எப்படித் தெரியும்?"

"ஊசி இடுக்குல பேச்சு ஒழுகற மாதிரி கேக்குதே. எடு முதல்ல."

சின்னவள் ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து உருவி மணிக்கட்டில் குத்தினாள்.

"எடுத்துட்டியா? இப்போ பேசு," என்றாள் அக்கா. இன்னும் திரும்பவில்லை. "கட்டையா இருக்கும் போலிருக்கே உன் குரல். நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். இன்னும் கொஞ்சம் பேசு, பிடிபடட்டும்."

"என்னத்தைப் பேச?"

"திட்டேன். இத்தனை வருஷமா பின்னாடி நின்னு என்னைத் திட்டினது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நான் வாசலைப் பார்த்து நிக்கறப்போ எதிர்க் கடைக் கண்ணாடியில உன் வாய் தெரியும். என்ன திட்டறேன்னுதான் தெரியாது, அவ்வளவு வேகம். இப்போ சொல்லு. நான் திரும்ப மாட்டேன்."

சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். உள்ளே இருபது வருஷத்துத் திட்டு இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.